காலைல லைவ்வா வந்த அந்த ஷோ: டேப்பையும் ஞாபகத்தையும் காப்பாத்தி வைக்கிறது எப்படி

சின்ன வயசுல காலைல பார்த்த லைவ் ஷோவை மறுபடி பார்க்கணும்னு தோணுச்சுன்னா எல்லாரும் முதல்ல பண்றது யூடியூப்ல பேரைப் போட்டுத் தேடுறது தான், நாலஞ்சு கிளிப் வரும், அது பெரும்பாலும் பெரிய ஸ்டார் வந்த நாளா இருக்கும் இல்லன்னா லைவ்ல ஏதாவது கீழ விழுந்து உடைஞ்ச நாளா இருக்கும். ஆனா நம்ம மனசுல நிக்கிறது அது இல்ல. பெரிய கெஸ்ட் யாரும் வராத சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, தொகுத்து வழங்குற ரெண்டு பேரும் சோபால சாஞ்சுக்கிட்டு நேயர் கடிதம் படிச்சு விழுந்து விழுந்து சிரிச்சது, ஓரத்துல மணி ஓடிக்கிட்டே இருந்தது, நாம ஒரு கால்ல சாக்ஸ் மாட்டிக்கிட்டு இன்னொரு காலை மறந்துட்டு டிவியவே பார்த்துக்கிட்டு நின்னது. அந்த செவ்வாய்க்கிழமை தேடினா கிடைக்காது, நாமளா தான் சேர்க்கணும். எப்படி சேர்க்கிறதுன்னு எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதுறேன், கொஞ்சம் நீளமா தான் போகும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல நல்லா ஏத்திக்கோங்க, "டிவி ஸ்டேஷன்காரங்க கிட்ட எல்லாமே பத்திரமா இருக்கும்"ங்கிற நம்பிக்கையை விட்டுடணும். வீடியோ டேப்ல ரெக்கார்ட் பண்றதே 1956ல ஆம்பெக்ஸ் கம்பெனி மெஷின் வந்த அப்பறம் தான் நடைமுறைக்கு வந்துச்சு, ரெண்டு இஞ்ச் அகல டேப், விலை ஜாஸ்தி, அதனால ஒரு நிகழ்ச்சியை அழிச்சுட்டு அதே டேப்ல இன்னொண்ணைப் பதியுறது ரொம்ப காலத்துக்கு சர்வ சாதாரணமா நடந்திருக்கு. அமெரிக்காவுல ஜானி கார்சன் நடத்துன இரவு நேர ஷோ எவ்வளவு பெரிய ஷோ, 1962ல அவர் வந்ததுல இருந்து முதல் பத்து வருஷத்துல பெரும்பகுதி இப்ப இல்ல, அழிச்சுட்டாங்க. ராத்திரி ஷோவுக்கே அந்த கதின்னா காலை ஷோவுக்கு யாரு கவலைப்பட்டிருப்பா? இன்னைக்கு மழை வருமா, இன்னைக்கு போட்டில ஜெயிச்சது யாரு, இதெல்லாம் மறுநாள் யாருக்கும் வேண்டாம், மறு ஒளிபரப்பு பண்ணவும் முடியாது, அதனால வச்சுக்கணும்னு யாருக்கும் தோணல. பிரிட்டன்ல 1974ல இருந்து 1982 வரைக்கும் சனிக்கிழமை காலைல வந்த டிஸ்வாஸ், 1976ல ஆரம்பிச்ச மல்டி கலர்டு ஸ்வாப் ஷாப், ரெண்டுமே லட்சக்கணக்கான பசங்க பார்த்து வளர்ந்தது, ரெண்டுலயும் நிறைய எபிசோடு ஸ்டேஷன்ல இல்ல.

அப்போ எங்க இருக்கு? பார்த்தவங்க வீட்டுல இருக்கு, பார்த்தவங்க மண்டைக்குள்ள இருக்கு. அமெரிக்காவுல பிலடெல்பியாவுல மேரியன் ஸ்டோக்ஸ்னு ஒரு அம்மா 1970கள்ல இருந்து 2012ல இறந்து போற வரைக்கும் ராத்திரி பகலா டிவியை டேப்ல பதிஞ்சுக்கிட்டே இருந்தாங்க, எழுபதாயிரம் டேப் கிட்ட சேர்ந்துச்சு, இப்போ அது இன்டர்நெட் ஆர்கைவ்ங்கிற டிஜிட்டல் நூலகம் கிட்ட இருக்கு. ஒரு தனி மனுஷி சேர்த்தது அவ்வளவு. நம்மளால அவ்வளவு முடியாது, ஒரு ஷோவுக்கு மட்டும் பண்ணலாம்ல.

இதுல எதை முதல்ல பண்றதுன்னா, டேப் தான் முதல்ல. டேப் வீணாகிக்கிட்டே இருக்கு, அதை ஓட்டுற மெஷினும் போய்க்கிட்டே இருக்கு. வி.எச்.எஸ்.ங்கிற வீடியோ கேசட் முறையை 1976ல ஜேவிசி கொண்டு வந்தது, அதை ஓட்டுற விசிஆர் மெஷினைக் கடைசி வரைக்கும் தயாரிச்சுக்கிட்டு இருந்த ஜப்பானோட பூனாய் கம்பெனி 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. இப்போ கைல கிடைக்கிறது எல்லாமே பழைய மெஷின், ரிப்பேர் தெரிஞ்சவங்களும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

சரி, டேப்பை எங்க தேடுறது. சொந்தக்காரங்க, பழைய ஃப்ரெண்ட்ஸ், கூடப் படிச்சவங்க எல்லார் கிட்டயும் கேளுங்க, ஆனா "அந்த ஷோவோட டேப் இருக்கா"ன்னு கேட்டா இல்லன்னு தான் சொல்வாங்க, ஏன்னா யாரும் லேபிள்ல அந்த ஷோ பேரை எழுதி வச்சிருக்க மாட்டாங்க. "பழைய வீடியோ கேசட் ஏதாவது இருக்கா, என்னவா இருந்தாலும் பரவால்ல"ன்னு கேளுங்க. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. மூணு மணி நேர கேசட்ல காலை ஷோவைப் பதிஞ்சு வச்சிருப்பாங்க, கொஞ்ச நாள் கழிச்சு அது மேலயே ரெண்டு மணி நேர சினிமாவைப் பதிஞ்சிருப்பாங்க, லேபிள்ல சினிமா பேரு தான் இருக்கும். படம் முடிஞ்சதும் ஒரு செகண்ட் திரை கலங்கும், கோடு கோடா ஓடும், அதுக்கு அப்பறம் அடியில இருந்த பழைய பதிவோட மிச்சம் அப்படியே வரும். எல்லாரும் படம் முடிஞ்ச உடனே ஸ்டாப் அமுக்கிடுவாங்க. நீங்க அமுக்காதீங்க, டேப் கடைசி வரைக்கும் ஓடட்டும். நல்ல பொக்கிஷம் எல்லாம் இந்த வால் பகுதில தான் இருக்கும்.

கேசட் கைக்கு வந்த உடனே அதோட முதுகுப் பக்கம் ஓரத்துல ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், அதை உடைச்சு எடுத்துடுங்க. அது இல்லன்னா விசிஆர் அந்த கேசட்ல ரெக்கார்ட் பண்ணாது, கை தவறி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது. அப்பறம் வெளிச்சத்துல கேசட்டோட கண்ணாடி வழியா உள்ள இருக்கிற சுருளைப் பாருங்க, கருப்பா பளபளன்னு இருந்தா நல்லது. சுருள் ஓரத்துல வெள்ளையா பவுடர் மாதிரியோ திட்டு திட்டாவோ இருந்தா பூஞ்சை, அதை மெஷின்ல போடவே போடாதீங்க, டேப்பும் கிழியும், டேப்பைப் படிக்கிற ஹெட்டுலயும் பூஞ்சை ஒட்டிக்கிட்டு அடுத்து போடுற கேசட்டுக்கும் பரவும். அதைத் தனி கவர்ல போட்டு ஒதுக்கி வச்சுட்டு, பூஞ்சை க்ளீன் பண்ணத் தெரிஞ்ச ஆள் கிட்ட குடுங்க.

நல்லா இருக்கிற கேசட்டா இருந்தாலும் பல வருஷமா அசையாம கிடந்திருக்கும், அதனால உடனே பிளே போடாம ஒரு தடவை கடைசி வரைக்கும் ஃபார்வேர்டு பண்ணி திரும்ப ரீவைண்ட் பண்ணுங்க, சுருள் கொஞ்சம் இளகும். மெஷின் சரியா ஓடுதான்னு பார்க்க முக்கியமான கேசட்டைப் போடாதீங்க, போனா போகட்டும்ங்கிற கேசட்டைப் போட்டு சோதிங்க. கேசட்டை அடுக்குறப்போ படுக்க வைக்காம புத்தகம் மாதிரி நிக்க வைங்க, வெயில் படாத, ஈரம் இல்லாத இடமா இருக்கட்டும், ஸ்பீக்கர் பக்கத்துல வேண்டாம்.

அடுத்தது டிஜிட்டல் பண்றது. காசு குடுத்து கடைல பண்ணலாம், ஆனா எனக்கு அதுல அவ்வளவு திருப்தி இல்ல, ஏன்னா நிறைய இடத்துல அளவு சின்னதா இருக்கணும்னு படத்தை நல்லா அமுக்கி ஒரு எம்பி4 ஃபைலா குடுத்துடுறாங்க, விளம்பரம் வந்தா வெட்டி விடட்டுமான்னு வேற கேக்குறாங்க. வெட்டவே கூடாது, ஏன்னு கீழ சொல்றேன். வீட்டுலயே பண்ணணும்னா விசிஆர், விசிஆர்ல இருந்து வர்ற படத்தை கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துற ஒரு யுஎஸ்பி கேப்ச்சர் டிவைஸ், கம்ப்யூட்டர், அவ்வளவு தான். எஸ்-வீடியோ அவுட்புட் இருக்கிற விசிஆர் கிடைச்சா அந்த ஒயரைப் போடுங்க, இல்லன்னா மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் போதும். படம் மேல் பக்கம் கொடி பறக்கிற மாதிரி நெளிஞ்சா அதுக்கு டைம் பேஸ் கரெக்டர்னு ஒண்ணு வேணும், தனியா வாங்கினா விலை ஜாஸ்தி, ஆனா சில பழைய டிவிடி ரெக்கார்டர்களை நடுவுல மாட்டி அது வழியா சிக்னலை அனுப்பினாலே நெளிவு நிறைய குறைஞ்சிடும். படத்தோட அடியில நாலஞ்சு கோடு கலங்கலா தெரியும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், ஹெட் மாறுற இடம் அது, எல்லா வி.எச்.எஸ்.லயும் இருக்கும், பழைய டிவில திரை ஓரம் மறைஞ்சுடும்ங்கிறதால நமக்கு அப்போ தெரியல.

மூணு மணி நேர கேசட்டுக்கு மூணு மணி நேரம் ஆகும், வேகமா பண்ண வழி கிடையாது. சேமிக்கிறப்போ இழப்பில்லாத கோடெக், அதாவது தரம் குறையாம சுருக்கி வைக்கிற முறை, எஃப்எஃப்வி1 மாதிரி, அதுல வச்சா மணிக்கு சுமாரா முப்பது ஜிபி ஆகும், DVங்கிற ஃபார்மட்ல (டெலிவிஷன் இல்ல, டிஜிட்டல் வீடியோ) வச்சா மணிக்கு பதிமூணு ஜிபி. இடம் இருந்தா முதல் வகை, இல்லன்னா ரெண்டாவது. எல்லாருக்கும் அனுப்புறதுக்கு சின்ன காப்பி அப்பறமா அதுல இருந்து எடுத்துக்கலாம்.

இப்ப சொல்லப் போறது எனக்கு ரொம்ப முக்கியமா படுற விஷயம், இதைச் சரியா பண்ணலன்னா டேப் இருந்தும் ஷோ இல்லாத மாதிரி தான். பழைய டிஜிட்டல் கிளிப் சிலதைப் பார்க்கிறப்போ "என்னவோ குறையுதே, அப்போ பார்த்த மாதிரி இல்லையே"ன்னு தோணும் பாருங்க, வயசாயிடுச்சு அதான்னு நினைச்சுக்குவோம், அப்படி இல்ல. ஸ்டுடியோல வீடியோ கேமரால எடுத்த லைவ் ஷோல ஒரு செகண்டுக்கு 50 தடவை படம் மாறும், அமெரிக்கா ஜப்பான் முறைல கிட்டத்தட்ட 60 தடவை, ஒவ்வொரு தடவையும் பாதிக் கோடு தான் வரும், ஆனா அசைவு 50 தடவையும் புதுசு. அதனால தான் தொகுப்பாளர் கையை ஆட்டினா வழுக்கிக்கிட்டு போற மாதிரி, ஜன்னல் வழியா பக்கத்து ரூமைப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு. டிஜிட்டல் பண்றப்போ ரெண்டு ரெண்டா சேர்த்து செகண்டுக்கு 25 ஃப்ரேமா மாத்திட்டா பாதி அசைவு போயிடும், சினிமா மாதிரி ஆயிடும், அந்த "இப்ப, இந்த நிமிஷம் நடக்குது"ங்கிற உணர்வே போயிடும். அதனால மூலக் காப்பியை அந்தப் பாதிப் பாதிக் கோடு முறைலயே, அதாவது இன்டர்லேஸாவே வைங்க, பார்க்கிற காப்பியை டீஇன்டர்லேஸ் பண்றப்போ, அதாவது பாதிக் கோட்டை முழுப் படமா மாத்துறப்போ, செகண்டுக்கு 50 படமும் அப்படியே வர்ற மாதிரி பண்ணுங்க, அமெரிக்க முறைன்னா 59.94. இதுக்குன்னே இருக்கிற க்யூடிஜிஎம்சி (QTGMC)ங்கிற ஸ்கிரிப்ட்ல பண்ணா ரொம்ப அழகா வரும், நேரம் எடுக்கும், அவசரத்துக்கு bwdifங்கிற ஃபில்டர் போதும். அப்படி பண்ணி ஒரு தடவை போட்டுப் பாருங்க, அந்தக் காலைநேரம் அப்படியே முன்னாடி வந்து உக்காந்துக்கும்.

வீடியோ கிடைக்கலையா, ஆடியோ கேசட் கேட்டுப் பாருங்க. விசிஆர் வாங்க வசதி இல்லாத வீடுகள்ல டேப் ரெக்கார்டரை டிவி ஸ்பீக்கர் முன்னாடி வச்சு ரெக்கார்ட் பண்ணுவாங்க, "சத்தம் போடாதீங்க"ன்னு எல்லாரையும் வாயைப் பொத்திக்க சொல்லிட்டு. பிரிட்டன்ல வந்த டாக்டர் ஹூங்கிற டிவி தொடர்ல பிபிசி அழிச்ச எபிசோடு அத்தனைக்கும் ஒலி மட்டும் இன்னைக்கு இருக்குன்னா அப்படி வீட்டுல பதிஞ்ச ரசிகர்களால தான். ஆடியோல நடுவுல அம்மா கூப்பிடுற சத்தம், பாத்திரம் விழுற சத்தம் எல்லாம் வரும், அதை சுத்தம் பண்றேன்னு எடுத்துடாதீங்க, அது தான் அந்த வீட்டுக் காலை.

இப்போ கைல ஒரு பதிவு இருக்கு, எந்த நாள் எபிசோடுன்னு தெரியல. இங்க தான் விளம்பரம் வெட்டாதீங்கன்னு சொன்னதுக்கு காரணம் வருது. ஒரு விளம்பரத்துல "இந்த மாசம் முப்பதாம் தேதி வரைக்கும்"னு இருக்கும், ஒரு படத்துக்கு "இந்த வெள்ளி முதல்"னு வரும், அதை வச்சே வாரத்தைப் பிடிச்சிடலாம். தலைப்புச் செய்தில ஒரு விபத்தோ தேர்தலோ மேட்ச் ரிசல்ட்டோ இருந்தா நாளையே பிடிக்கலாம். வானிலை வரைபடம், ஹிட் பாட்டு வரிசை, "நாளைக்கு நம்ம கூட பேசப் போறது"ன்னு சொல்ற கெஸ்ட், எல்லாமே துப்பு. திரை ஓரத்துல ஓடுற மணியும் பெரிய உதவி, நாள் சொல்லாது, ஆனா எந்தப் பகுதி எந்த நேரத்துக்கு வந்துச்சுன்னு சொல்லும், வெவ்வேற டேப்ல இருக்கிற துண்டுகள் ஒரே எபிசோடா இல்லையான்னு ஒட்டிப் பார்க்கவும் உதவும். காலை ஷோ எல்லாத்துலயும் அந்த மணி இருந்ததுக்கு காரணமே பார்க்கிறவங்க பாதிக் கண்ணு டிவில, பாதிக் கண்ணு கிளம்புற வேலைல வச்சிருந்தது தான், 1952 ஜனவரி 14ல என்பிசில டுடே ஷோ ஆரம்பிச்சப்பவே செட்டுல வரிசையா கடிகாரம் மாட்டி இருந்தாங்க.

டிவி சிக்னல் கூடவே எழுத்துப் பக்கங்களா செய்தி, தகவல் எல்லாம் அனுப்புற டெலிடெக்ஸ்ட் இருந்த நாடுகள்ல பதிஞ்ச டேப்பா இருந்தா இன்னொரு அதிசயம் இருக்கு. டெலிடெக்ஸ்ட் பக்கங்களோட டேட்டா படத்துக்கு மேல கண்ணுக்குத் தெரியாத கோடுகள்ல ஒளிஞ்சு வரும், வி.எச்.எஸ். அதையும் சேர்த்துப் பதிஞ்சிருக்கும், தேஞ்சு போய் இருந்தாலும் அதைத் திரும்ப எடுக்கிற சாஃப்ட்வேர் ஆர்வலர்கள் எழுதி வச்சிருக்காங்க. அந்தப் பக்கத்தோட தலைப்பு வரில தேதியும் மணியும் இருக்கும், செகண்டு வரைக்கும். சாதாரண கேப்ச்சர்ல அந்தக் கோடு வராது, அதையும் பிடிக்கிற கேப்ச்சர் கார்டு வேணும், அப்படி ஒரு டேப் சிக்கினா அதுக்குன்னு மெனக்கெடலாம்.

பழைய பேப்பர்ல வந்த டிவி நிகழ்ச்சி அட்டவணை நூலகங்கள்ல கிடைக்கும், பிபிசி நிகழ்ச்சின்னா 1923ல இருந்து 2009 வரைக்கும் ரேடியோ டைம்ஸ் பத்திரிகைல வந்த பட்டியல் ஜீனோம்ங்கிற பெயர்ல இணையத்துலயே இருக்கு. ஆனா அச்சுல இருக்கிறது ஷோவுக்கு முன்னாடி முடிவு பண்ணது, லைவ்ல கெஸ்ட் வராம போவாங்க, செய்தி வந்து பாதில நுழையும், அதனால பேப்பரும் டேப்பும் முரண்பட்டா டேப் சொல்றதை எடுத்துக்கோங்க.

டேப் வேலை ஒரு பக்கம் ஓடட்டும், கூடவே ஞாபகங்களைச் சேர்க்க ஆரம்பிங்க. இங்க எல்லாரும் பண்றது என்னன்னா ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு "அந்த ஷோ ஞாபகம் இருக்கா"ன்னு ஒரு மெசேஜ் போடுறது. ஜாலியா இருக்கும், நூறு ரிப்ளை வரும், ஆனா முதல்ல யாரோ சொன்னதையே எல்லாரும் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. அதனால குரூப்ல பேச விடுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க, எழுத வராதவங்க வாய்ஸ் நோட்டா அனுப்பட்டும். தனித்தனியா நினைவு கூர்ந்ததை அப்பறம் ஒண்ணு சேர்த்தா, அதே ஆளுங்க கூட்டமா உக்காந்து சொல்றதை விட அதிகம் வருதுன்னு உளவியல் ஆய்வுகள்ல திரும்பத் திரும்பப் பார்த்திருக்காங்க, ஒருத்தர் பேசுறது அடுத்தவரோட நினைவு ஓட்டத்தை அறுத்துடுது.

அதே மாதிரி "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு"ங்கிற உறுதியை ஆதாரமா எடுத்துக்காதீங்க. 1986 ஜனவரில சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடிச்ச மறுநாள் காலைல அமெரிக்காவுல உல்ரிக் நைசர்ங்கிற உளவியல் அறிஞர் குழு காலேஜ் பசங்க கிட்ட "இதை எங்க எப்படி கேள்விப்பட்டீங்க"ன்னு எழுதி வாங்கி வச்சாங்க, ரெண்டரை வருஷம் கழிச்சு அதே பசங்க கிட்ட அதே கேள்வி, பலரோட பதில் அடியோட மாறி இருந்துச்சு, ஆனா உறுதி மட்டும் குறையல, அதுவும் டிவில பார்த்துத் தான் தெரிஞ்சதுன்னு சொன்னவங்க முதல் தடவையை விட ரொம்ப அதிகமாகி இருந்தாங்க. டிவில பார்த்த மாதிரி ஒரு நினைவு நம்மளை அறியாமலே உருவாகும்னு இதுலயே தெரியுது. அதுக்காக யார் சொல்றதையும் பொய்னு ஒதுக்க வேண்டாம், எழுதி வைங்க, பக்கத்துல "டேப்ல பார்த்து உறுதியானது", "ரெண்டு மூணு பேர் தனித்தனியா சொன்னது", "ஒருத்தர் மட்டும் சொன்னது"ன்னு குறிச்சு வைங்க, போதும்.

என்ன கேக்கணும்ங்கிறது தான் இதுல கலை. "அந்த ஷோல உங்களுக்கு என்ன பிடிக்கும்"னு கேட்டா "எல்லாமே நல்லா இருக்கும்"னு முடிஞ்சிடும். வீட்டுல இருந்து ஆரம்பிங்க. டிவி எந்த ரூம்ல இருந்துச்சு, நீங்க எங்க உக்காருவீங்க, இல்ல நின்னுக்கிட்டே பார்ப்பீங்களா, வால்யூம் யார் கைல இருக்கும், எந்தப் பகுதி வந்தா "ஐயோ லேட் ஆயிடுச்சு"ன்னு கிளம்புவீங்க, ஷோ முடியுறதுக்குள்ள கிளம்பிடுவீங்கன்னா கடைசிப் பகுதியை எப்போ பார்ப்பீங்க, லீவு நாள்லயா, காய்ச்சல் வந்து வீட்டுல படுத்திருந்த நாள்லயா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க, முகமே மாறிடும். காலை ஷோ தினமும் வந்ததால நூறு நாள் கலந்து ஒரே நாளா மனசுல இருக்கும், காய்ச்சல் நாள் மட்டும் தனியா நிக்கும், அதுல இருந்து துல்லியமா சொல்லுவாங்க. அப்பறம் டைட்டில் மியூசிக்கைப் போட்டுக் காட்டிட்டு கேளுங்க, டேப் இல்லன்னா ஹம் பண்ணியாவது காட்டுங்க, படத்தைக் காட்டுறதை விட இது நல்லா வேலை செய்யுது.

ஷோவுக்கு போன் பண்ணவங்களை எப்படியாவது கண்டுபிடிங்க. ஸ்வாப் ஷாப்ல சொல்லிக்கிட்டே இருந்த 01 811 8055ங்கிற நம்பர் அந்தத் தலைமுறைக்கு இன்னைக்கும் மனப்பாடம், எல்லா ஊர் ஷோவுக்கும் அப்படி ஒரு நம்பர் இருந்திருக்கும். எத்தனை தடவை எங்கேஜ்டு டோன் வந்துச்சு, லைன் கிடைச்ச அப்பறம் யார் எடுத்தாங்க, என்ன கேட்டாங்க, எவ்வளவு நேரம் காத்திருக்க வச்சாங்க, அந்த நேரத்துல வீட்டுல யார் யார் பக்கத்துல நின்னாங்க. "உங்க டிவி வால்யூமைக் கம்மி பண்ணுங்க"ன்னு தொகுப்பாளர் கெஞ்சுவாங்களே, அது ஏன்னா டிவில வர்ற சத்தம் போன் வழியா மறுபடி ஸ்டுடியோவுக்குப் போய் சுத்திச் சுத்தி ஊளையிடும், தாமதம் இருந்தா நம்ம குரலே நமக்குக் கேட்டு பேச்சு தடுமாறும். கம்மி பண்ணிட்டா தன் குரல் டிவில வர்றதைத் தானே கேக்க முடியாது, அதனால லைவ்ல பேசின நிறைய பேர் தான் பேசினதைக் கேட்டதே இல்ல. அவங்களுக்கு அந்தப் பதிவைக் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்கன்னா அதை விட நல்ல பரிசு எதுவும் இல்லன்னு நான் நினைக்கிறேன்.

ஷோல வேலை பார்த்தவங்க கிட்டயும் பேசுங்க, திரைல வந்தவங்களை மட்டும் தேடாம ஃப்ளோர் மேனேஜர், கேமரா, மேக்கப், போன் எடுத்தவங்க, வண்டி ஓட்டுனவங்க. பிரபலமானவங்க ஏற்கனவே பல பேட்டில சொன்ன கதையவே சொல்லுவாங்க, இவங்க கிட்ட தான் யாரும் கேட்டதே இருக்காது. அவங்க கிட்ட ரன்னிங் ஆர்டர் இருக்கான்னு கேளுங்க, எந்த நிமிஷம் எது வரணும்னு வரிசையா அடிச்ச பேப்பர், தினமும் ஷோ முடிஞ்சா குப்பைக்குப் போறது, யாராவது ஒருத்தர் ஞாபகார்த்தமா மடிச்சு வச்சிருப்பாங்க. அதுல பேனால அடிச்சுத் திருத்தி இருப்பாங்க பாருங்க, கெஸ்ட் லேட்டுன்னு பாட்டை முன்னாடி இழுத்தது, இடத்தை மாத்தினது, லைவ் எப்படி ஓடுச்சுன்னு அந்தக் கிறுக்கல்ல தெரிஞ்சிடும். இடமும் முக்கியம். பிரிட்டன்ல 1992 செப்டம்பர் 28ல இருந்து 2002 மார்ச் வரைக்கும் வந்த தி பிக் பிரேக்ஃபாஸ்ட் ஸ்டுடியோல எடுக்காம லண்டன் போ பகுதில கால்வாய் ஓரத்துல இருந்த வீட்டுல இருந்தே லைவ்வா போச்சு, அதனால அதைப் பார்த்தவங்களுக்கு எந்த ரூமுக்கு அடுத்து எந்த ரூம்னு அந்த வீடே மனப்பாடம். உங்க ஷோவோட செட்டுக்கும் அப்படி ஒரு வரைபடம் போட முடியும், கதவு எங்க, சோபா எங்க, எந்தப் பக்கம் இருந்து கெஸ்ட் வருவாங்கன்னு நாலு பேரைத் தனித்தனியா வரையச் சொல்லி ஒப்பிடுங்க.

சேர்த்ததை வைக்கிற முறை சுருக்கமா சொல்லிடுறேன். ஃபைல் பேருல வருஷம், மாசம், தேதி அந்த வரிசைல போடுங்க, தேதி தெரியலன்னா வருஷம் மட்டும் போட்டு "உத்தேசம்"னு எழுதுங்க. கூட ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அதுல டேப் யார் குடுத்தாங்க, லேபிள்ல என்ன எழுதி இருந்துச்சு, எந்த நிமிஷத்துல எந்தப் பகுதி வருது, அவ்வளவும். மூணு காப்பி, ரெண்டு வெவ்வேற வகை இடத்துல, அதுல ஒண்ணு வேற வீட்டுல.

இணையத்துல ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் யோசிங்க. ஷோவோட உரிமை ஸ்டேஷன் கிட்ட இருக்கும், அதுல வர்ற பாட்டோட உரிமை வேற ஒருத்தர் கிட்ட இருக்கும், முழு எபிசோடை ஏத்தினா எடுக்கச் சொல்லலாம். அதனால ஸ்டேஷனுக்கே எழுதி "எங்க கிட்ட இது இருக்கு, உங்களுக்குக் காப்பி வேணுமா"ன்னு கேளுங்க, இல்லன்னா உங்க நாட்டுல டிவி, சினிமா ஆவணக் காப்பகம் இருந்தா அங்க குடுங்க, பொதுவுல போட முடியாட்டியும் அங்க பத்திரமா இருக்கும். ரெண்டாவது, நேயர்கள். அந்தக் காலத்துல கடிதம் படிக்கிறப்போ முழுப் பேரு, வீட்டு விலாசம் எல்லாம் சொல்லிடுவாங்க, சின்னப் பசங்க போன் நம்பர் கூட திரைல வரும். பொதுவுல போடுற காப்பில அந்த இடத்துல சத்தத்தை நிறுத்துங்க, நம்பரை மறைங்க, மூலக் காப்பில கை வைக்க வேண்டாம்.

டிஜிட்டல் பண்ணியாச்சு, இனிமே கேசட் எதுக்குன்னு தூக்கிப் போட நிறைய பேர் அவசரப்படுறாங்க, தயவு செஞ்சு வேண்டாம். டேப் ஹெட்டுல இருந்து வர்ற மூல சிக்னலையே அப்படியே பிடிச்சு கம்ப்யூட்டர்லயே படமா மாத்துற முறை இப்ப வந்திருக்கு, இன்னைக்கு நீங்க எடுத்த காப்பியை விட நாளைக்கு நல்லா எடுக்க முடியலாம். குடுத்தவங்க திரும்பக் கேட்டா நல்லா ரீவைண்ட் பண்ணி, டெக்ஸ்ட் ஃபைலோட ஒரு பிரிண்ட்டை உள்ள வச்சு, ஒரு பென் டிரைவ்ல அவங்க காப்பியையும் போட்டுக் குடுங்க. அதைப் பார்த்துட்டு அவங்க தங்கச்சி வீட்டுல இன்னொரு அட்டைப்பெட்டி இருக்குன்னு போன் பண்ணுவாங்க.